பழைய முகம், புதிய மெஷின்: நாலு டைவர் வாட்ச், ஒரு கை

போன வருஷம் என் தங்கையின் கணவருக்கு நாற்பது வயது முடிந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு வீட்டுக்கு வந்தவர், சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே பேச்சை ஆரம்பித்தார்.

"மச்சான், இத்தனை வருஷமா போன்லதான் மணி பார்க்கிறேன். ஒண்ணே ஒண்ணு, நல்லதா ஒரு வாட்ச் வாங்கணும். பேட்டரி வேணாம். தண்ணிக்குப் பயப்படக் கூடாது. அந்தக் காலத்து டைவர் வாட்ச் மாதிரி இருக்கணும். எதுன்னு சொல்லுங்க."

"ஒரு வாரம் டைம் குடுங்க மாப்பிள்ளை" என்றேன். அந்த ஒரு வாரம் ஒன்றரை மாதம் ஆனது. கடைகளில் கட்டிப் பார்த்தோம், நண்பர்களிடம் இரவல் வாங்கிப் பார்த்தோம். கடைசியில் நாலு வாட்சுகள் மிஞ்சின: சீக்கோ எஸ்பிபி143, ட்யூடர் பிளாக் பே ஃபிஃப்டி-எய்ட், லாஞ்சின் லெஜண்ட் டைவர், ஓரிஸ் டைவர்ஸ் சிக்ஸ்டி-ஃபைவ். நாலுமே மெக்கானிக்கல், நாலுமே ஆட்டோமேட்டிக், அதாவது கை அசைவிலேயே சாவி ஏறிக்கொள்பவை. நாலுக்கும் பின்னால் 1950களிலோ 60களிலோ பிறந்த ஒரு மூத்த வாட்ச் இருக்கிறது.

இந்த வகை வாட்ச் வாங்க நினைப்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: விலைச் சீட்டைப் பார்ப்பதற்கு முன் அந்த மூத்த வாட்சின் படத்தைப் பாருங்கள். அதிலிருந்து எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், எதை மாற்றினார்கள் என்று தெரிந்தால், உங்கள் கையில் பத்து வருஷம் எப்படி இருக்கும் என்பது பாதி தெரிந்துவிடும். வெறும் பழைய சாயல் ஒரு மாதத்தில் சலித்துப்போகும். பழையதில் இருந்த உபயோகமும் கூடவே வந்திருந்தால்தான் தினமும் கட்டத் தோன்றும்.

டைவர் வாட்ச் இன்றைய உருவத்துக்கு வந்தது 1953 வாக்கில். பிளாங்பானின் ஃபிஃப்டி ஃபேதம்ஸும் ரோலெக்ஸின் சப்மரினரும் அந்தச் சமயத்தில் வந்தவை. பிளாங்பானை அப்போது நடத்திய ழான் ழாக் ஃபியெஷ்டர், தானே கடலில் முங்குகிறவர். பிரெஞ்சுப் படையின் முங்குவீரர் பிரிவை அமைத்த ராபர்ட் மலூபியே, கிளோட் ரிஃபோ இருவரும் தங்கள் ஆட்களுக்கு வாட்ச் தேடிக்கொண்டிருந்தார்கள். கறுப்பு டயல், இருட்டிலும் தெரிகிற பெரிய முட்கள், கழிந்த நிமிடத்தைக் காட்டும் சுழல் வளையம் என்று அவர்கள் கேட்டது எல்லாமே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஐம்பது ஃபேதம் என்றால் சுமார் 91 மீட்டர் ஆழம். பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

கண்ணாடியைச் சுற்றியிருக்கும் அந்த வளையத்துக்குப் பெசல் என்று பெயர். முங்குவதற்கு முன் அதில் உள்ள முக்கோணத்தை நிமிட முள்ளுக்கு நேராக வைக்க வேண்டும். அப்புறம் நிமிட முள் வளையத்தில் எந்த எண்ணைத் தொடுகிறதோ அதுதான் தண்ணீருக்குள் கழிந்த நிமிடம். வளையம் ஒரு பக்கம் மட்டும் சுற்றுவதற்கும் காரணம் உண்டு. பாறையில் இடித்துத் தற்செயலாக நகர்ந்தாலும், கழிந்த நேரத்தை அதிகமாகத்தான் காட்டும், குறைத்துக் காட்டாது. ஆள் காற்று மிச்சம் இருக்கும்போதே மேலே வந்துவிடுவார். இன்று முங்குபவர்கள் டைவ் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார்கள், வாட்ச் துணைக்கு இருந்தால் உண்டு. ஆனாலும் இந்த வளையத்தை நான் தினமும் பயன்படுத்துகிறேன். குக்கரை சிம்மில் வைத்த நேரம், பார்க்கிங்கில் வண்டியை விட்ட நேரம், பையனுக்கு நெபுலைசர் வைத்த நேரம் எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு திருப்பல் போதும்.

சரி, சீக்கோவிலிருந்து தொடங்குகிறேன். நம் ஊரில் அந்தப் பெயருக்குத் தனி இடம் உண்டு. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ வந்த பெரியப்பா கையில் மின்னிய சீக்கோ 5 பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்தக் கம்பெனி 1965இல் ஜப்பானின் முதல் டைவர் வாட்சைக் கொண்டுவந்தது. 150 மீட்டர் ஆழம் தாங்கக்கூடியது. சேகரிப்பவர்கள் அதை 62மாஸ் என்பார்கள். ஜப்பானின் அண்டார்டிக் ஆய்வுக் குழுவினர் அதைக் கட்டிக்கொண்டு பனிக்கட்டிக் கண்டத்துக்குப் போனார்கள். 2017இல் அதன் அச்சு அசலான நகலை 2000 மட்டும் செய்து மிக அதிக விலைக்கு விற்றார்கள். 2020இல் வந்த எஸ்பிபி143 நகல் இல்லை. 62மாஸின் உடல் வாகை எடுத்துக்கொண்டு, இன்றைக்குத் தேவையானதைச் சேர்த்துச் செய்த மறுவார்ப்பு.

அகலம் 40.5 மில்லிமீட்டர், தடிமன் 13.2. பட்டை மாட்டும் காதுகளில் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 47.6. ஆழம் 200 மீட்டராகக் கூடியது. 62மாஸில் இல்லாத திருகிப் பூட்டும் சாவி (மணி வைக்கப் பக்கவாட்டில் இருக்கும் குமிழ்) இதில் உண்டு. கீறல் எளிதில் விழாதபடி எஃகின் மேல் டயாஷீல்ட் என்ற கடினப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். உள்ளே 6ஆர்35 மெஷின், முழுச் சாவியில் 70 மணி நேரம் ஓடும்.

இவ்வளவும் விவரப் பட்டியலில் கிடைக்கும். கடையில் மாப்பிள்ளை அதைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனபோதுதான் எனக்கு அது பிடித்துப்போனது. டியூப் லைட்டுக்குக் கீழே டயல் வெறும் சாம்பல் நிறம். வெயிலில் கையைச் சாய்த்ததும் நடுவிலிருந்து கதிர் கதிராக ஒளி விரிந்தது. நிழலுக்குத் திருப்பினால் கிட்டத்தட்டக் கறுப்பு. மணிக் குறிகள் நீண்ட செவ்வகங்கள், ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய எஃகுச் சட்டம். முட்களும் நேரான பட்டைகள்தான், வளைவு நெளிவு இல்லை. மணி பார்க்க ஒரு கணம் போதும். 1965இல் அந்த வாட்சை வரைந்தவர்கள் நினைத்ததும் அதைத்தானே.

குறை இல்லாமல் இல்லை. இந்த மெஷினுக்கு சீக்கோ சொல்லும் கணக்கு, ஒரு நாளைக்கு 15 நொடி பின்தங்குவது முதல் 25 நொடி முந்துவது வரை. நடைமுறையில் பெரும்பாலும் அதைவிட நன்றாகவே ஓடும். ஆனால் உங்களுக்கு வருவது அந்த எல்லையில் ஓடினால், ஒரு வாரத்தில் மூன்று நிமிடம் வரை முந்திவிடலாம், அதைக் குறை என்று சொல்லித் திருப்பித் தரவும் முடியாது. மணி விஷயத்தில் கறாரானவர்களுக்கு இது தினசரி எரிச்சல். கடையிலேயே இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள்: பெசலின் முக்கோணம் பன்னிரண்டாம் மணிக் குறிக்கு நேராக நிற்கிறதா என்று. மயிரிழை விலகல் சிலருக்குக் கண்ணில் படவே படாது, சிலருக்குப் பட்டால் அப்புறம் அது மட்டும்தான் தெரியும்.

2024இல் இதற்கு வாரிசு வந்தது, எஸ்பிபி453. அகலம் 40, ஆழம் 300 மீட்டர், ஓட்டம் 72 மணி நேரம். காகிதத்தில் எல்லாமே ஒரு படி மேல். தேதிக் கட்டத்தை மட்டும் மூன்று மணியிலிருந்து நாலுக்கும் ஐந்துக்கும் நடுவே தள்ளிவிட்டார்கள். எனக்கு அது உறுத்துகிறது. மூன்று மணியில் ஒரு குறி போனாலும் டயல் சமநிலையாக இருக்கும். சாய்வாக ஓர் எண் நின்றால் கண் அங்கேயே போகிறது. இது ரசனை, உங்களுக்கு வேறு மாதிரி தோன்றலாம்.

அடுத்து ட்யூடர். நாலில் செய்நேர்த்தி அதிகம் உள்ளது இதுதான். ரோலெக்ஸை நிறுவிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப், அதே நம்பகத்தைக் குறைந்த விலையில் தர வேண்டும் என்று வளர்த்த பெயர் ட்யூடர். பழைய ட்யூடர் டைவர்களில் ரோலெக்ஸின் கேஸ் என்ற வெளிக்கூடும் சாவியும் இருக்கும், மெஷின் மட்டும் வெளியிலிருந்து வாங்கியது. முதல் ட்யூடர் சப்மரினர் 1954இல் வந்தது. 1958இல் வந்த 7924 என்ற எண்ணுள்ள வாட்ச் 200 மீட்டரைத் தொட்டது. அதன் சாவி பெரிதாக இருக்கும், அதனால் சேகரிப்பவர்கள் மத்தியில் பெரிய சாவி என்றே அதற்குப் பெயர். ஃபிஃப்டி-எய்ட் என்ற பெயர் அந்த ஆண்டிலிருந்து வந்தது.

ஆனால் 7924 படத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். பிளாக் பேயின் மணி முள் நுனியில் சதுரமாக விரிந்திருக்கும். பனித்துகள் முள் என்பார்கள். அது 1958ஐச் சேர்ந்தது இல்லை, 1969இல்தான் ட்யூடருக்கு வந்தது. பிரெஞ்சுக் கடற்படை பல ஆண்டுகள் ட்யூடர் வாங்கியது. அந்தக் கடற்படை வாட்சுகளோடு சேர்த்துத்தான் இந்த முள்ளை உலகம் ஞாபகம் வைத்திருக்கிறது. ஆக, 1958இன் உடம்பில் 1969இன் முள். வரலாற்றில் இப்படி ஒரு வாட்ச் இருந்ததே இல்லை. எனக்கு அதில் வருத்தமும் இல்லை. மங்கிய வெளிச்சத்தில் மணி முள்ளையும் நிமிட முள்ளையும் குழப்பிக்கொள்ள முடியாது. பழையதிலிருந்து உபயோகத்தை எடுப்பது என்று நான் சொன்னதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இன்னொன்றும் பழையதிலிருந்து வந்திருக்கிறது, அது எனக்கு ஒப்பவில்லை. எஃகுச் செயினின் பக்கவாட்டில் ஆணி அடித்த மாதிரி குமிழ்கள். 1950களின் செயின்களில் தகட்டை மடித்துச் செய்த கண்ணிகளை இணைக்க அந்த ஆணி தேவைப்பட்டது. இன்றைய கண்ணிகள் கெட்டி எஃகு, ஆணிக்கு அங்கே வேலையே இல்லை. வேலை இல்லாத ஒன்றை அலங்காரத்துக்கு ஒட்டியிருக்கிறார்கள். ரப்பர் அல்லது துணிப் பட்டையோடு வாங்கினால் இந்தப் பேச்சே இல்லை.

2018இல் வந்த முதல் ஃபிஃப்டி-எய்ட்டின் அகலம் 39, தடிமன் 11.9 மில்லிமீட்டர். சீக்கோவுக்கும் இதற்கும் தடிமனில் வித்தியாசம் 1.3 மில்லிமீட்டர்தான். படிக்கும்போது ஒன்றுமில்லை, முழுக்கைச் சட்டைப் பட்டனைப் போடும்போது தெரியும். உள்ளே எம்டி5402 மெஷின். துல்லியத்துக்குத் தரும் சுவிஸ் குரோனோமீட்டர் சான்று பெற்றது, காந்தத்துக்கு அசையாத சிலிக்கான் சுருள்வில் கொண்டது, 70 மணி நேரம் ஓடக்கூடியது. ஒரு நாளைக்கு 2 நொடி பின் முதல் 4 நொடி முன் வரை என்பது ட்யூடர் சொல்லும் கணக்கு. சீக்கோவின் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கொடுக்கிற பணம் எங்கே போகிறது என்று புரியும். தேதி கிடையாது. மெலிந்த கைக்கு இதுவும் பெரிதாகத் தெரிந்தால், 1954இன் முதல் டைவரை வைத்துச் செய்த 37 மில்லிமீட்டர் பிளாக் பே 54 என்று ஒன்று 2023இல் வந்திருக்கிறது.

விலைதான் இடிக்கிறது. இரண்டும் முதலில் வந்தபோது இருந்த விலையை வைத்துச் சொன்னால், செயினோடு ஒரு ட்யூடர் வாங்கும் பணத்தில் கிட்டத்தட்ட மூன்று சீக்கோ வாங்கலாம்.

லாஞ்சின் லெஜண்ட் டைவர் பார்த்த உடனே தனியாகத் தெரியும். வெளியே வளையமே இல்லை. வலது பக்கம் இரண்டு சாவிகள். மேலே இருக்கும் சாவியைத் திருகினால் கண்ணாடிக்கு உள்ளே டயலின் விளிம்பில் இருக்கும் வளையம் சுற்றும். இதன் மூத்தது 1959 வாக்கில் வந்தது. கேஸைச் செய்தது ஈபிஎஸ்ஏ என்ற சுவிஸ் பட்டறை. கம்ப்ரெஸர் என்ற அவர்களுடைய முறை ரொம்ப அழகானது. சாதாரண வாட்சில் பின்மூடியை இறுக்கித் திருகி வாஷரை எப்போதும் நசுக்கியே வைப்பார்கள். இவர்கள் பின்மூடியில் ஒரு ஸ்பிரிங்கை வைத்தார்கள். ஆழம் போகப் போகத் தண்ணீரின் அழுத்தமே மூடியை உள்ளே தள்ளி வாஷரை இறுக்கும். மேலே வந்தால் வாஷர் தளர்ந்து ஓய்வெடுக்கும், ஆயுளும் கூடும். எதிரியின் பலத்தையே தன் பலமாக்கிக்கொள்கிற யோசனை அது. இன்றைய ரப்பர் வளையங்கள் அந்த அளவுக்கு நன்றாக வந்துவிட்டதால், புதிய லெஜண்ட் டைவரில் அந்த முறை இல்லை. இரண்டு சாவிகளும் திருகிப் பூட்டுபவை. முகம் அப்படியே இருக்க, உள்ளே இருந்த காரணம் போய்விட்டது.

2007இல் மறுபடி வந்த லெஜண்ட் டைவர் 42 மில்லிமீட்டர். 2023இல் 39க்குக் குறைத்தார்கள், தேதியையும் எடுத்துவிட்டார்கள். 300 மீட்டர், 72 மணி நேர ஓட்டம், குரோனோமீட்டர் சான்று, சிலிக்கான் சுருள்வில். இந்த மாற்றத்துக்குப் பிறகு நாலில் முகம் மிக அழகானது இதுதான் என்பது என் கருத்து. பளபளக்கும் கறுப்பு அரக்கு டயல், கீறல் படாமல் கண்ணாடிக்குள் பத்திரமாக இருக்கும் வளையம். வேட்டி சட்டையோடு ஒரு கல்யாணத்துக்குக் கட்டினால் டைவர் வாட்ச் என்றே தோன்றாது.

ஆனால் நான் முதலில் சொன்ன உபயோகம் இங்கே அடிபடுகிறது. நிமிடம் குறிக்க வேண்டும் என்றால் மேல் சாவியைப் பல சுற்று சுற்றித் தளர்த்தி, வளையத்தை நகர்த்தி, மறுபடி அழுத்தித் திருகிப் பூட்ட வேண்டும். குக்கர் விசில் அடித்துக்கொண்டிருக்கும்போது அது நடக்கிற காரியமா? பூட்ட மறந்து தண்ணீரில் கை வைக்கும் ஆபத்தும் ஒன்றுக்கு இரண்டு சாவியில் இருக்கிறது. ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி ஒரு வாரம் கட்டினேன். அந்த வளையத்தை இரண்டே முறைதான் தொட்டேன்.

ஓரிஸ் டைவர்ஸ் சிக்ஸ்டி-ஃபைவ் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும், ஆனால் அன்போடு சொல்ல வேண்டும். 1965இல் வந்த ஓர் எளிய ஓரிஸ் வாட்சிலிருந்து பிறந்தது, 2015இல் வந்தது. 40 மில்லிமீட்டர். இதன் கவர்ச்சி முழுக்கக் கண்ணாடியில் இருக்கிறது. குமிழ் போல உயர்ந்து நிற்கும் சஃபையர் கண்ணாடி. பக்கத்திலிருந்து பார்த்தால் டயலின் ஓரம் வளைந்து, கிணற்றுத் தண்ணீருக்குள் கிடக்கும் காசு போலத் தெரியும். அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் கண்ணாடி தந்த அதே மயக்கம், ஆனால் கீறல் விழாது. ஆழம் 100 மீட்டர். உள்ளே செல்லிட்டா எஸ்டபிள்யூ200 மெஷின், 38 மணி நேர ஓட்டம். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்குக் கழற்றி வைத்தால் ஞாயிறு காலை ஒன்பதுக்கு நின்றிருக்கும். சீக்கோவும் ட்யூடரும் திங்கள் சாயங்காலம் வரை ஓடும். இதை ஈடுகட்ட ஓரிஸே தன் சொந்த கேலிபர் 400 மெஷினைப் போட்டு ஒன்று கொண்டுவந்தது. அது ஐந்து நாள் ஓடும், பத்து வருஷ உத்தரவாதமும் உண்டு, விலையும் அதற்கேற்ப ஏறும்.

சாதாரண செல்லிட்டா மெஷினுக்கு ஒரு பெரிய அனுகூலம் இருக்கிறது. உலகத்தில் மிக அதிகமாகப் புழங்கும் மெஷின்களில் ஒன்றான ஈடிஏ 2824இன் அமைப்பையே பின்பற்றியது. அனுபவமுள்ள எந்த வாட்ச் ரிப்பேர்காரரும் திறந்து பார்த்துப் பயப்பட மாட்டார், உதிரி பாகமும் கிடைக்கும். இருபது வருஷம் வைத்திருக்க நினைப்பவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ட்யூடரும் லாஞ்சினும் தங்கள் சொந்த அல்லது தங்களுக்கென்று செய்த மெஷின்களை வைத்திருக்கின்றன. பெரும்பாலும் கம்பெனி சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். வாங்குவதற்கு முன் உங்கள் ஊரில் சர்வீஸ் எடுக்கிறார்களா, வேறு ஊருக்கு அனுப்புவார்களா, எத்தனை வாரம் ஆகும், ஆயில் சர்வீஸுக்கு என்ன கட்டணம் என்று கேட்டுவிடுங்கள். மெக்கானிக்கல் வாட்ச் என்றால் ஐந்து முதல் பத்து வருஷத்துக்கு ஒருமுறை இந்தச் செலவு வந்தே தீரும்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், எனக்குச் சூடு பட்ட இடம் அது. பல வருஷம் முன்பு என்னிடம் ஒரு பழைய டைவர் வாட்ச் இருந்தது. ஆயில் சர்வீஸுக்குக் கொடுத்து வாங்கினேன். இரண்டாம் நாள் குளித்துவிட்டு வந்து பார்த்தால் கண்ணாடிக்கு உள்பக்கம் பனி மூடியிருந்தது. அரிசி டப்பாவில் போட்டு வைத்தும் பயனில்லை. வேறொருவர் திறந்து காட்டினார். பின்மூடியின் ரப்பர் வாஷர் பழையதே, ஒரு இடத்தில் பள்ளத்தை விட்டு வெளியே மடிந்து, மூடியின் விளிம்பில் நசுங்கியிருந்தது. நகத்தின் அகலம்கூட இல்லை அந்த மடிப்பு. அதன் வழியாகப் போன ஈரம், தேதிச் சக்கரத்தின் பல்லில் துருப் புள்ளிகளாக உட்கார்ந்திருந்தது. அந்த வாட்சை அதன் பிறகு நான் தண்ணீரில் இறக்கவே இல்லை.

அதனால் 100, 200, 300 என்று டயலில் இருக்கும் எண்ணை மட்டும் வைத்து நாலையும் வரிசைப்படுத்த வேண்டாம். அது புது வாஷரோடு சோதித்துச் சொன்ன எண். டைவர் வாட்சுக்கு ஐஎஸ்ஓ 6425 என்று ஒரு சர்வதேச அளவுகோல் உண்டு. குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும். எழுதியிருக்கும் ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் சோதிக்க வேண்டும். இருட்டில் 25 சென்டிமீட்டர் தூரத்தில் மணி தெரிய வேண்டும், வாட்ச் நிற்கவில்லை என்று காட்டும் ஒளிர்வும் வேண்டும். சீக்கோ டயலில் டைவர்ஸ் 200 என்று எழுதியிருப்பது இந்த அளவுகோலை வைத்துத்தான். 2023 லாஞ்சினும் இதில் தேறியது. ஓரிஸின் 100 மீட்டர் குளியலுக்கும் நீச்சல் குளத்துக்கும் கடல் அலைக்கும் தாராளம். எதை வாங்கினாலும் சர்வீஸ் முடிந்து வரும்போது வாஷர் புதிதா, அழுத்தச் சோதனை செய்தார்களா என்று கேளுங்கள். கடலில் இறங்கி வந்தால் நல்ல தண்ணீரில் அலசுங்கள். சாவியைத் தளர்த்தியபடி குளிக்கப் போகாதீர்கள்.

ரேடியம் நிறத்தைப் பற்றியும் மாப்பிள்ளை கேட்டார். நாம் பேச்சில் ரேடியம் என்றாலும் இப்போது யாரும் நிஜ ரேடியம் பூசுவதில்லை. முதலில் இருந்தது ரேடியம், அறுபதுகளில் அதன் இடத்துக்கு டிரிட்டியம் வந்தது, இப்போது கதிர்வீச்சே இல்லாத, வெளிச்சத்தை உறிஞ்சி ஒளிரும் பொருள். டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12 வருஷம் சொச்சம். அதனால்தான் அறுபதுகளின் டிரிட்டியம் வாட்சுகள் இன்று இருட்டில் ஒளிர்வதில்லை. வெள்ளையாக இருந்த பூச்சும் காலப்போக்கில் பழுத்து, பால்கோவா நிறத்துக்கு வந்துவிட்டது. புது வாட்சிலேயே அந்தப் பழுத்த நிறத்தைப் பூசி விற்பது இப்போது வழக்கம். சிலருக்கு அது பொய் போலப் படுகிறது. என் மனசும் அந்தப் பக்கம்தான். வாட்ச் என் கையில் பழுக்கட்டும். சீக்கோவின் பூச்சு வெள்ளைதான். இரவில் நாலையும் மேஜையில் அடுக்கி விளக்கை அணைத்தபோது அதுதான் பிரகாசமாக எரிந்தது.

அளவைக் கடையிலேயே முடித்துவிடலாம். மாப்பிள்ளையின் மணிக்கட்டுச் சுற்றளவு 16 சென்டிமீட்டர், மெலிந்த கை. டயலின் அகலத்தைவிட, காதுகளின் முனைகள் கைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றனவா என்பதுதான் முக்கியம். கையைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோகாமல், தொங்கவிட்டு நிலைக்கண்ணாடியில் பாருங்கள். அருகில் வைத்துப் பார்த்தால் எந்த வாட்சும் பெரிதாகத்தான் தெரியும். நாலின் காதுகளும் 48 மில்லிமீட்டருக்குள் அடங்குவதால் நாலுமே அவர் கையில் நின்றன. தோல் பட்டை வேண்டாம் என்று மட்டும் தடுத்துவிட்டேன். நம் சித்திரை வெயிலில் இரண்டு மாதம் தாங்காது, வேர்வை நாற்றம் வேறு.

வேறு பெயர்களும் வந்தன. ராடோவின் கேப்டன் குக் 1962இல் பிறந்தது, நம் ஊர்க் கடைகளில் சுலபமாகக் கிடைக்கிறது, 80 மணி நேரம் ஓடுகிறது. டயலில் கை ஆட ஆடச் சுழலும் குட்டி நங்கூரம் குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். மாப்பிள்ளைக்கு அதன் மினுமினுப்பு அதிகமாகப் பட்டது. 1967இல் ஆரஞ்சு டயலோடு வந்த டாக்ஸா சப் 300இன் வழி வந்தது எனக்குப் பிடித்தம். அலுவலகத்துக்கு ஆரஞ்சு வேண்டாம் என்றார். சிட்டிசனில் ஒன்று இருக்கிறது. 1977ஆம் ஆண்டு மாடல் ஒன்று பல வருஷம் கழித்து ஆஸ்திரேலியக் கடற்கரையில், உடம்பெல்லாம் பார்னக்கிள் என்ற கடல் ஓட்டுயிர்கள் ஒட்டிய நிலையில் கிடைத்தது, அப்போதும் ஓடியது. அதன் நினைவாக டைட்டானியத்தில் செய்த வாட்ச் இறகு போல இருக்கிறது. கனம் இல்லாவிட்டால் கட்டிய மாதிரியே இல்லை என்று அதையும் வைத்துவிட்டார்.

கடைசியில் என்ன சொன்னேன்? ட்யூடரைத்தான் வாட்ச் என்ற முறையில் முதலில் வைப்பேன். மெலிவு, துல்லியம், இருட்டில் தெளிவு மூன்றும் ஒரே இடத்தில் அமைந்திருக்கிறது. பணம் ஒரு பொருட்டில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம். என் கண் லாஞ்சின் மேல் இருக்கிறது, இரண்டாவது வாட்சாக, விசேஷத்துக்குக் கட்ட. ஓரிஸை மென்மையாகப் புழங்குகிற ஒருவருக்குச் சந்தோஷமாகச் சிபாரிசு செய்வேன். ஆனால் மாப்பிள்ளை மென்மையானவர் இல்லை. பைக் கிளட்ச் கேபிளைத் தானே மாற்றுவார், பையனோடு கடலில் இறங்குவார், சுவரில் கையை இடித்துக்கொண்டே நடப்பார். பெண் படிப்புக்குப் பணம் சேர்க்கிற நேரத்தில் மூன்று மடங்கு விலையில் ஒன்றைக் கட்டிக்கொண்டால், ஒவ்வொரு இடிக்கும் அவர் மனசு பதறும். பதறிப் பதறி அது பீரோவுக்குள் போய்விடும்.

"அப்ப சீக்கோவா மச்சான்?"

"சீக்கோதான் மாப்பிள்ளை. 143 எங்க கிடைக்குதுன்னு பாருங்க. கிடைக்கலைன்னா 453, அந்தத் தேதிக் கட்டம் உங்களுக்கு உறுத்தலைன்னா."

143 கிடைத்துவிட்டது, கடைசியாக ஒன்று வைத்திருந்தார்கள். பெட்டியைத் திறந்தபோது நின்றிருந்தது. சாவியின் பூட்டைத் தளர்த்தி இருபது முப்பது சுற்றுக் கொடுக்கச் சொன்னேன். நாலைந்து சுற்றிலேயே நொடி முள் கிளம்பிவிட்டது. அவர் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் போனைப் பார்த்து மணி வைத்து, சாவியை அழுத்தித் திருகிப் பூட்டினார். சரியாகப் பூட்டினாரா என்று நான் ஒருமுறை நகத்தால் தொட்டுப் பார்த்தேன். வெளியே வந்ததும், பார்க்கிங்கில் முதல் ஒரு மணி நேரம் இலவசம் என்று சொல்லி, வண்டி விட்ட நிமிடத்துக்கு முக்கோணத்தைத் திருப்பி வைத்தார். இன்னும் பதினெட்டு நிமிடம் இருந்தது. ஒரு காபி குடிக்கப் போனோம்.